மதத்தை விட்ட மறுநாள்

நம்பிக்கை மனதுக்குள் முடிந்துவிடுகிறது. கல்யாணம், வாடகை வீடு, சொத்து, சுடுகாடு எல்லாம் அதன் பிறகுதான் கேள்வியாக வந்து நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூர் – ஒரகடம் தொழிற்பேட்டைகளிலிருந்து ஒரு சிறப்புப் பார்வை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணி. ஒரகடம் கூட்டுரோட்டில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன. நைட் ஷிஃப்ட் முடித்தவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்க, பகல் ஷிஃப்ட்காரர்கள் மிச்ச டீயை ஒரே வாயில் குடித்துவிட்டு ஏறுகிறார்கள். சாலையோரம் வெள்ளை உடையில், காதில் கழுத்தில் ஒரு குன்றிமணி நகையில்லாமல், கறுப்பு அட்டை பைபிளோடு ஒரு குடும்பம் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருக்கிறது. ஹார்டுவேர் கடைக்கு மேல்மாடியில் ஆராதனைக்கு மைக் சோதிக்கிறார்கள். எதிர்ப்புறம் அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் எல்.ஆர்.ஈஸ்வரி. சற்றுத் தள்ளிப் பள்ளிவாசல் வாசலில் செருப்புகள் வரிசையாகக் கிடக்கின்றன.

பஸ்ஸை விட்டு இறங்கியவர்களில் இந்த எந்தத் திசைக்கும் போகாமல் நேரே அறைக்குப் போய்ப் படுத்துக்கொள்கிறவர்களும் இருக்கிறார்கள். சொந்த ஊரில் அது நடக்காது. “போன வாரம் ஏன் சபைக்கு வரலை?” என்று போதகர் வீடு தேடி வந்துவிடுவார். ஜமாத்தில் விசாரிப்பார்கள். குலதெய்வப் பொங்கலுக்கு வராதவனைப் பங்காளிகள் மறக்க மாட்டார்கள். இங்கே யாரும் கேட்பதில்லை. பல பேருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக யாரும் கேட்காத ஞாயிற்றுக்கிழமை கிடைத்த இடம் இந்தத் தொழிற்பேட்டைதான்.

கடவுள் உண்டா இல்லையா என்று வாதாட இரண்டு பக்கமும் தமிழ்நாட்டில் நூறு ஆண்டுகளாக ஆள் உண்டு. கடுமையான ஒரு மதக் கட்டுக்குள் பிறந்து வளர்ந்து, அதை விட்டு வெளியே வந்தவர் மறுநாள் காலை எழுந்து எப்படி வாழ்கிறார் என்பதைப் பேசுகிறவர்கள்தான் குறைவு. அந்த மறுநாளைப் பற்றியது இந்தக் கட்டுரை.

“என்ன ஆளுங்க நீங்க?”

மாத்தூர், வல்லம், மாம்பாக்கம், சுங்குவார்சத்திரம் என்று எங்கே போனாலும் லைன் வீடுகள். ஒரு ரூம், ஒரு சமையல் திட்டு, பொதுக் குழாய். வாடகைக்குக் கேட்டுப் போனால் ஹவுஸ் ஓனர் அம்மா கேட்கும் கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். “எந்த ஊருப்பா? எந்தக் கம்பெனி? பேச்சிலரா? என்ன ஆளுங்க நீங்க? கோயிலுக்குப் போறவங்களா, சர்ச்சா?”

“எதுவும் கும்பிடறதில்லைங்க” என்ற பதிலுக்கு அந்தக் கேள்வித்தாளில் இடமில்லை. சாமி பயம் இல்லாதவனை எப்படி நம்புவது என்று அவர் யோசிப்பார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. திருவண்ணாமலையிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து நிற்கும் முகம் தெரியாத ஒருவருக்கு வீட்டுச் சாவியைக் கொடுக்கிறார். அந்த ஆளுக்கு யாராவது ஜாமீன் நிற்க வேண்டும். அவருக்குத் தெரிந்த ஒரே ஜாமீன் கடவுள்தான். அதனால் மதத்தை விட்டவர்களில் பலர் வீடு கிடைக்கும்வரை பிறந்த மதத்தையே பதிலாகச் சொல்லிவிடுகிறார்கள்.

அடுத்த சோதனை ஆயுத பூஜை. மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை பங்கிட்டு, லைன் முழுக்க ஒன்றாக நின்று படம் எடுத்துக்கொள்ளும் நாள். “வேண்டாம்” என்று ஒதுங்கி நிற்பவரை அன்று எல்லோரும் பார்ப்பார்கள். நகையும் சினிமாவும் பாவம் என்று வளர்ந்த பெண், அந்தச் சபையை விட்டபின் முதல்முறை பொட்டு வைத்துக்கொள்ளும்போது ஏற்படும் நடுக்கத்தை அவள் பக்கத்தில் நிற்கும் தோழிகூட அறிய மாட்டாள். நம்பிக்கை போன பிறகும் பயம் உடம்பில் தங்கியிருக்கிறது. அது சீக்கிரம் போவதில்லை.

இந்த மண்ணின் முன்கதை

விட்டு வெளியேறுவது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்தவர் ராமானுஜர். ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் அவரது ‘தானுகந்த திருமேனி’யை இன்றும் சேவிக்கலாம். வேதாந்தம் கற்பித்த யாதவப் பிரகாசரோடு கருத்து முரண்பட்டுப் பிரிந்தவர் அவர். காசி யாத்திரையில் சீடனைக் கொல்லவே குரு திட்டமிட்டார் என்றும், பிற்காலத்தில் அந்தக் குருவே சீடனிடம் வந்து சேர்ந்தார் என்றும் குருபரம்பரைக் கதைகள் சொல்கின்றன. ஒரு பாடசாலையை விட்டுப் போவதற்கே அன்று அவ்வளவு பெரிய விலை.

ஒரகடத்திலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் சாலையில் போனால் செங்கல்பட்டு தூரமில்லை. 1929 பிப்ரவரி 17, 18 தேதிகளில் அங்கேதான் முதல் மாகாண சுயமரியாதை மாநாடு கூடியது. டபிள்யூ.பி.ஏ.சௌந்தரபாண்டியன் தலைமை. சாதிப் பட்டங்களைக் கைவிடுவது, பெண்களுக்குச் சம சொத்துரிமை தருவது என்று தீர்மானங்கள் நிறைவேறின. பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் தமிழ்நாட்டில் வர அதன்பின் 60 ஆண்டுகள், 1989 வரை, ஆனது.

பிறகு வந்தது தொழிற்சாலைகளின் காலம். 1990-களின் இறுதியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய், 2006-ல் நோக்கியா, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ–நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு, ஃபாக்ஸ்கான் என்று வரிசை நீண்டது. வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 படுக்கைகள். இவ்வளவு பேர் ஊரையும் உறவையும் விட்டு ஓரிடத்தில் குவிந்தால், சிலராவது ஊரில் விட முடியாததை இங்கே விடுகிறார்கள்.

---
பெட்டிச் செய்தி: எத்தனை பேர்?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மதத்தைக் குறிப்பிடாதவர்கள் சுமார் 7.3 லட்சம் பேர். 2011-ல் அந்த எண்ணிக்கை சுமார் 28.7 லட்சம். பத்தே ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆனாலும் மொத்த மக்கள்தொகையில் இது 0.24 சதவீதம்தான்.

தங்களை நாத்திகர் என்றே பதிவு செய்துகொண்டவர்கள் 2011-ல் நாடு முழுவதும் சுமார் 33,000 பேர்.

பியூ ஆய்வு மையம் 2021-ல் வெளியிட்ட, ஏறத்தாழ 30,000 பேரிடம் நடத்திய ஆய்வில், இந்தியர்களில் 97 சதவீதம் பேர் கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள் என்று தெரியவந்தது.
---

மடத்திலிருந்து ஒங்கூருக்கு

கட்டுப்பாடான மத வாழ்க்கையை விட்டு வந்தவரின் மறுநாளைத் தமிழில் மறைக்காமல் எழுதியவர் பாமா. விருதுநகர் மாவட்டம் புதுப்பட்டியில் தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஆசிரியை வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகள் இருந்தார். மடம் நடத்திய பள்ளிகளில் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கே மரியாதை கிடைத்ததையும், மடத்துக்குள்ளேயே சாதி புகுந்திருந்ததையும் பார்த்தார். வெளியே வந்துவிட்டார்.

வந்தபோது கையில் வேலையில்லை, பணமில்லை. மடத்துக்குள் சாப்பாடும் உடையும் கூரையும் தேடாமல் கிடைத்தன. வெளியே ஒவ்வொன்றுக்கும் தானே அலைய வேண்டியிருந்தது. கன்னியாஸ்திரியாகப் போன பெண் திரும்பி வந்தால் ஊர் பார்க்கிற பார்வை வேறு. அந்தத் தவிப்பிலிருந்து பிறந்ததுதான் 1992-ல் வெளியான ‘கருக்கு’. அதை எழுதும்படி தூண்டியவரும் ஒரு பாதிரியார்தான் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். நிறுவனம் ஒன்று கைவிட்டாலும் அதற்குள்ளிருக்கும் மனிதர்கள் எல்லோரும் கைவிட்டுவிடுவதில்லை. புத்தகம் வந்த பிறகு இன்னொரு அடி விழுந்தது. ஊரை இழிவுபடுத்திவிட்டார் என்று சொந்தக் கிராமத்தாரே கோபப்பட, சில மாதங்கள் அவரால் ஊருக்குள் கால் வைக்க முடியவில்லை.

பாமா பிறகு வேரூன்றிய இடம் இந்தத் தொழிற்பேட்டைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உத்திரமேரூர் அருகே ஒங்கூர் கிராமத்துப் பள்ளியில் ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றினார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனியாக ஒரு பெண், மாதச் சம்பளம், எழுத்து, எதிரில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் என்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். மதத்தை விட்டு வருகிறவருக்குத் தத்துவத்தைவிட முதலில் தேவைப்படுவது சம்பளம் என்பதை அவர் வாழ்க்கை காட்டுகிறது. ஒரகடத்து இளைஞர்களுக்கு அந்த முதல் தேவை ஓரளவு நிறைவேறிவிடுகிறது. அடுத்த தேவைகளில்தான் திணறுகிறார்கள்.

கேரளத்தில் சிஸ்டர் ஜெஸ்மி, திருச்சூரில் கல்லூரி முதல்வராக இருந்தவர், 33 ஆண்டுகளுக்குப் பிறகு 2008-ல் தன் துறவறச் சபையை விட்டு வந்தார். அடுத்த ஆண்டு ‘ஆமென்’ எழுதினார். சபையை விட்டாரே தவிர இயேசுவை விடவில்லை. விட்டு வருகிறவர்கள் எல்லோரும் நாத்திகர்கள் ஆகிவிடுவதில்லை. சிலர் வேறு மதத்துக்குப் போகிறார்கள். சிலர் யாருக்கும் தெரியாமல் தனியாக ஜெபிக்கிறார்கள். சிலருக்கு அந்தக் கேள்வியே முக்கியமில்லாமல் போகிறது. வெளியில் இருக்கும் நாம்தான் எல்லோரையும் ஒரே பட்டியலில் அடைக்கிறோம்.

தாலி வேண்டாம், முப்பது நாள் வேண்டும்

வேலை கிடைத்தது, வீடு கிடைத்தது, மனதுக்குப் பிடித்த ஒருவரும் கிடைத்தார் என்று வைத்துக்கொள்வோம். எந்த முறையில் கல்யாணம்?

“சுயமரியாதைத் திருமணம் இருக்கிறதே” என்பது தமிழர்களின் உடனடிப் பதில். 1928-ல் அருப்புக்கோட்டைப் பக்கம் சுக்கிலநத்தத்தில் தொடங்கிய முறை. புரோகிதர் இல்லை, மந்திரம் இல்லை. ஆனால் 1953-ல் சென்னை உயர் நீதிமன்றம், தெய்வானை ஆச்சி வழக்கில், அப்படிப்பட்ட திருமணம் சட்டப்படி செல்லாது என்றது. கொள்கைக்காகக் கல்யாணம் செய்த பெண்கள் சட்டத்தின் கண்ணில் மனைவியே இல்லை என்று ஆனார்கள். அண்ணா முதல்வரானதும் 1967-ல் கொண்டுவந்த திருத்தம்தான், இந்துத் திருமணச் சட்டத்தின் 7-ஏ பிரிவு, அந்தக் களங்கத்தைத் துடைத்தது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் இன்னும் ஒரு படி போய், இத்தகைய திருமணத்துக்கு ஊரறிந்த அறிவிப்பு தேவையில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

பலர் கவனிக்காத ஒன்று அந்தச் சட்டத்தின் பெயரிலேயே இருக்கிறது. 7-ஏ பிரிவு இரண்டு இந்துக்களுக்கு இடையிலான திருமணத்துக்குத்தான் பொருந்தும். இந்துவாகப் பிறந்து கடவுளை மறுப்பவர் சட்டப்படி இந்துவாகவே தொடர்கிறார். இஸ்லாமியக் குடும்பத்திலோ கிறிஸ்தவக் குடும்பத்திலோ பிறந்து நம்பிக்கையை விட்டவர் இந்தக் கதவுக்குள் எளிதாக நுழைய முடியாது. பெரியார் பெயரில் திறந்த வழி, அவர்களுக்கு மட்டும் திறக்கவில்லை.

மிச்சமிருப்பது 1954 சிறப்புத் திருமணச் சட்டம். அதன் பழைய வடிவமான 1872 சட்டம் இன்னும் கடுமையானது. அதன்கீழ் மணக்க விரும்பியவர்கள், தாங்கள் இந்த மதத்தையும் பின்பற்றவில்லை, அந்த மதத்தையும் பின்பற்றவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. இன்று அந்த உறுதிமொழி தேவையில்லை. ஆனால் சார்பதிவாளர் அலுவலகப் பலகையில் முப்பது நாள் அறிவிப்பு ஒட்ட வேண்டும்.

ஒரகடத்துக் காதலர்களைக் கலங்கடிப்பது இன்னொரு விதி. மணமக்களில் ஒருவருக்கு நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால், அறிவிப்பின் நகல் அந்த மாவட்டப் பதிவு அலுவலகத்துக்கும் போகும். அங்கேயும் ஒட்டப்படும். யாருக்குத் தெரியக் கூடாது என்று ஓடி வந்தார்களோ, அந்த ஊருக்கே அரசாங்கம் தகவல் அனுப்பி வைக்கிறது. அறிவிப்பை வெளியிடுவதா வேண்டாமா என்பது மணமக்களின் விருப்பம் என்று 2021-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டிலும் அது நடைமுறைக்கு வர வேண்டும். இதில் இரண்டு கருத்துக்கு இடமே இல்லை. முப்பது நாள் என்பது ஒரு கொலைக்குத் திட்டமிடப் போதுமான காலம்.

அப்பாவின் சொத்து, மகளின் பங்கு

ஆலப்புழையைச் சேர்ந்த சஃபியா, ‘கேரள முன்னாள் முஸ்லிம்கள்’ அமைப்பின் பொதுச் செயலாளர். அவரும் நம்பிக்கையை விட்டவர், அவர் தந்தையும் மத வழக்கங்களைக் கடைப்பிடிக்காதவர். ஆனாலும் தந்தையின் சொத்து ஷரியத் முறைப்படிதான் பிரியும். மகளுக்கு மகனின் பங்கில் பாதி. உயில் எழுதலாமென்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எழுத முடியாது. மதத்தை விட்டதாகச் சான்று வாங்க ஒரு அலுவலகமும் இல்லை. நம்பிக்கை இல்லாதவர்களுக்கு 1925 இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்த வேண்டும் என்று கேட்டு அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2024 ஏப்ரலில் நீதிமன்றம் மத்திய, மாநில அரசுகளிடம் விளக்கம் கேட்டது. உள்ளே வருவதற்குச் சட்டம் உண்டு, வெளியே போவதற்கு இல்லை என்ற நிலையை இவ்வளவு தெளிவாக வேறு எந்த வழக்கும் காட்டவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி உரிமை இந்துக்களுக்கும், பின்னர் சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர்களுக்கும்தான். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் செல்வராணியின் வழக்கில், கிறிஸ்தவ நம்பிக்கையோடு வாழ்ந்துகொண்டே வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்று கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஒரு தலித் தொழிலாளிக்கு மதம் என்ற கட்டத்தில் எழுதும் ஒற்றைச் சொல் பிள்ளைகளின் கல்லூரி இடத்தையே தீர்மானிக்கிறது. “சாதியும் வேண்டாம், மதமும் வேண்டாம் என்று எழுதிக் கொடேன்” என்று அவரிடம் சொல்வது எளிது. அந்தப் பிள்ளைகளின் படிப்புக்குப் பதில் சொல்லாமல் அந்த அறிவுரையை யாரும் தரக் கூடாது.

---
பெட்டிச் செய்தி: கட்டத்தை நிரப்பாமல் விடலாமா?

பள்ளியில் சாதி, மதம் கேட்கும் கட்டத்தை நிரப்பாமல் விடப் பெற்றோருக்கு உரிமை உண்டு. 1973, 2000 ஆண்டுகளில் தமிழக அரசு இதற்கு ஆணைகள் பிறப்பித்திருக்கிறது.

2019 பிப்ரவரி 5-ல் திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ.சினேகா, வட்டாட்சியரிடமிருந்து ‘சாதி, மதமற்றவர்’ சான்றிதழ் பெற்றார். பல ஆண்டுகள் விண்ணப்பித்து அலைந்த பிறகு கிடைத்தது அது.

2025 ஜூனில், திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்த இன்னொருவரின் வழக்கில், இத்தகைய சான்றிதழை வட்டாட்சியர்கள் வழங்க வழிசெய்து ஆணை பிறப்பிக்கும்படி சென்னை உயர் நீதிமன்ற இரு நீதிபதிகள் அமர்வு அரசுக்கு உத்தரவிட்டது.

எந்த மதத்தையும் சாராதிருப்பதும் அரசியலமைப்பின் 25-வது பிரிவு தரும் உரிமையே என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014-ல் தீர்ப்பளித்திருக்கிறது.
---

கொலையும் ஊர்விலக்கமும்

2017 மார்ச் 16 இரவு. கோவையில் பழைய இரும்பு வியாபாரம் செய்த 31 வயது ஃபாரூக், ஃபோனில் யாரோ அழைக்க வீட்டை விட்டுக் கிளம்பினார். உக்கடம் பகுதியில் வெட்டிக் கொல்லப்பட்டார். திராவிடர் விடுதலைக் கழகத்துக்காரர். கடவுள் மறுப்பைச் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதியவர். மனைவியும் இரண்டு சிறு குழந்தைகளும் இருந்தார்கள். சரணடைந்தவர்களும் கைதானவர்களும் அவர் பிறந்த சமூகத்தினரே. அந்தச் சமூகத்தின் அமைப்புகள் பலவும் கொலையைக் கண்டித்தன. மகனின் கொள்கையை ஏற்காமலிருந்த தந்தை ஹமீது, இனி நானும் மகன் இருந்த இயக்கத்தில் சேருவேன் என்று அறிவித்தார்.

இது ஒரு மதத்தின் கதை என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். புனேயில் மூடநம்பிக்கை எதிர்ப்பாளர் தபோல்கர் 2013-லும், தார்வாடில் கன்னட அறிஞர் கல்புர்கி 2015-லும் சுட்டுக் கொல்லப்பட்டதும் கேள்வி கேட்டதற்காகத்தான்.

கத்தி எடுப்பவர்கள் சிலர்தான். ஊர்விலக்கம் அன்றாடம் நடப்பது. தக்கலைக் கவிஞர் ஹெச்.ஜி.ரசூல் மதத்தை விடவே இல்லை. பத்திரிகையில் எழுதிய ஒரு கட்டுரைக்காக 2007-ல் அவரை ஜமாத் விலக்கி வைத்தது. ஜமாத் விலக்கினால் நிக்காஹ் பதிவில்லை, மையவாடி இல்லை, பேச்சில்லை. உள்ளேயே இருந்துகொண்டு கேள்வி கேட்டவருக்கே இந்த நிலை. மகாராஷ்டிரம் 2016-ல் சமூக விலக்கத்தைக் குற்றமாக்கித் தனிச் சட்டம் இயற்றியது. சுயமரியாதை மாநாடு கூடிய தமிழ்நாட்டில் அப்படியொரு சட்டம் ஏன் முன்னுரிமை பெறவில்லை என்பதை அரசியல் கட்சிகள் விளக்க வேண்டும்.

காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பது?

மதத்தின் கடுமையை மட்டும் பேசினால் பாதிக் கதைதான் சொன்னதாகும். ஒரகடத்து மேல்மாடிச் சபைகள் ஏன் நிறைகின்றன? டெங்குக் காய்ச்சலில் படுத்தால் சபைச் சகோதரி கஞ்சியோடு வருகிறார். வேலை போனால் இன்னொரு கம்பெனியில் கான்ட்ராக்டரிடம் சொல்லி விடுகிறார்கள். பிரசவத்துக்கு ஆள் துணை வருகிறது. குழந்தைக்குப் பெயர் வைக்கப் பத்துப் பேர் கூடுகிறார்கள். சொந்தக்காரர்கள் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இது சின்ன விஷயமில்லை. கோயில் கூழ் ஊற்றுவதும், ஜமாத் நோன்புக் கஞ்சி கொடுப்பதும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

விட்டு வருகிறவர் கடவுளோடு இந்த மனிதர்களையும் இழக்கிறார். சில கடுமையான சபைகளில் வெளியேறியவரோடு பேசவே கூடாது. நேற்றுவரை ‘அண்ணே’ என்று கூப்பிட்டவர்கள் எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போகிறார்கள். அம்மா ஃபோன் எடுப்பதில்லை. தங்கையின் கல்யாணப் பத்திரிகையை வாட்ஸ்அப்பில் வேறு யாரோ அனுப்பித்தான் தெரிய வருகிறது. இந்தத் தனிமைக்கு வெறும் வாதங்கள் மருந்தாகாது. பகுத்தறிவு இயக்கங்கள் கூட்டம் போடுகின்றன, புத்தகம் விற்கின்றன. காய்ச்சலில் கிடக்கும் தோழருக்குக் கஞ்சி கொண்டுபோவதிலும் அவை அதே அக்கறையைக் காட்ட வேண்டும்.

இந்தத் தொழிற்பேட்டையில் வேறு வகை உறவுகள் உருவாகியிருப்பதும் உண்மை. 2021 டிசம்பரில் விடுதி உணவால் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் நோயுற்றபோது, தோழிகள் சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். 2024-ல் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் தொழிற்சங்க உரிமைக்காக 37 நாள் போராடினார்கள். அந்தப் பந்தலில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் யாரும் மதம் கேட்கவில்லை. அங்கே பிறந்த நட்புகள் மதத்தை விட்டவரையும் விடாதவரையும் ஒரே பாயில் உட்கார வைத்தன. ஆனால் வேலைநிறுத்தம் முடியும், கான்ட்ராக்ட் முடியும், கம்பெனியே மூடும். நோக்கியா 2014 நவம்பரில் மூடப்பட்டது; அங்கே வேலை பார்த்தவர்கள் சிதறிப் போனார்கள். சம்பளத்தோடு கட்டிய உறவு சம்பளத்தோடு போய்விடும் ஆபத்து எப்போதும் உண்டு. நிலைத்து நிற்கும் நூலகங்கள், படிப்பு வட்டங்கள், பெண்கள் குழுக்கள், விளையாட்டு மன்றங்கள் இந்தச் சாலை நெடுக வேண்டும். சிப்காட் திட்ட வரைபடங்களில் சாலையும் மின்சாரமும் இருக்கின்றன. மனிதர்கள் ஷிஃப்ட் முடிந்து கூடிப் பேச ஓர் இடமும் வரைய வேண்டும்.

கடைசிக் காரியம்

சாவிலும் கேள்வி முடிவதில்லை. கேரளத்தின் மூத்த மார்க்சிஸ்ட் தலைவர் எம்.எம்.லாரன்ஸ் 2024 செப்டம்பரில் காலமானார். உடலை மருத்துவக் கல்லூரிக்குத் தர வேண்டும் என்பதே அவர் விருப்பம் என்றார் மகன். கிறிஸ்தவ முறைப்படி அடக்கம் செய்ய வேண்டும் என்றார் மகள். வாழ்நாளெல்லாம் தன் கொள்கையை மேடையில் சொன்ன மனிதரின் உடல் மருத்துவக் கல்லூரியில் காத்திருக்க, வழக்கு உயர் நீதிமன்றத்தில் ஏறி, 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரை போனது. கடைசியில் உடல் தானமே உறுதியானது.

இதற்கு முன்னோடி ஒருவர் உண்டு. திருவல்லாவில் மார்த்தோமா சபையின் முக்கியக் குருவுக்கு மகனாகப் பிறந்து, யாழ்ப்பாணம் மத்தியக் கல்லூரியில் பாடம் சொல்லி, இலங்கையின் பகுத்தறிவாளர் சங்கத்தை வழிநடத்திய ஆபிரகாம் கோவூர். 1978-ல் இறந்தபோது கண்களையும் உடலையும் தானமாகத் தரும்படி எழுதி வைத்திருந்தார். எழுதி வைத்திருந்ததால் குழப்பம் இல்லை.

ஒரகடம் பக்கத்துக் கிராமங்களில் சுடுகாடும் இடுகாடும் சாதிக்கு ஒன்று, மதத்துக்கு ஒன்று. வெளியூரிலிருந்து வந்து, எதிலும் சேராமல் வாழ்ந்த தொழிலாளி விபத்தில் இறந்தால் உடல் ஊருக்குப் போகும். அவர் விட்டு வந்த சடங்குகள் அத்தனையும் அங்கே அவருக்கு நடக்கும். அதை விரும்பாதவர்கள் இன்றே எழுதி, இரண்டு சாட்சிகளிடம் கையெழுத்து வாங்கி, நம்பகமான ஒருவரிடம் கொடுத்து வைப்பது நல்லது. உடல் தானம் செய்ய விரும்பினால் அரசு மருத்துவக் கல்லூரியின் உடற்கூறியல் துறையை அணுகலாம். ஒரகடத்துக்கு அருகே செங்கல்பட்டில் ஒன்று இருக்கிறது.

---
பெட்டிச் செய்தி: தனியாகத் தவிப்பவர்களுக்கு

மனநல ஆலோசனை (டெலி மானஸ்): 14416

இலவசச் சட்ட உதவி: 15100

பெண்கள் உதவி எண்: 181

விருப்பத் திருமணம் செய்தவர்களுக்கு மிரட்டல் வந்தால் பாதுகாக்க, மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்க வேண்டும் என்று 2018 மார்ச்சில் சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.
---

கணக்கில் வாருங்கள்

சட்டம் மாற வேண்டும், பதிவு அலுவலகம் மாற வேண்டும், பொது மயானம் வேண்டும் என்று கேட்டால் அரசாங்கம் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, “நீங்கள் எத்தனை பேர்?” 2011-க்குப் பிறகு அதற்குப் பதிலே இல்லை. 2027 பிப்ரவரியில் நடக்கவிருக்கும் கணக்கெடுப்பில் மதமும் கேட்கப்படும், சாதியும் கேட்கப்படும். சொல்கிறவர் சொல்வதை அப்படியே குறித்துக்கொள்வதுதான் கணக்கெடுப்பாளரின் கடமை. நெற்றியைப் பார்த்தோ பெயரைப் பார்த்தோ அவராக நிரப்பக் கூடாது. வழக்கமாக வீட்டுப் பெரியவர் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். லைன் வீடுகளில் ரூம்மேட் சொல்லிவிடுவார்.

இந்த முறை அப்படி விட வேண்டாம். உங்கள் பதிலை நீங்களே சொல்லுங்கள். உங்கள் வீட்டில் விட்டு வந்தவர் ஒருவர் இருந்தால், அது உங்கள் மகனோ மகளோ ஆனாலும், அவருடைய பதிலை அவரையே சொல்ல விடுங்கள்.